பாகாலாவுக்குப் போன சர்க்கரை

கரப்பான்பூச்சிகள் உயிரோடிருப்பதைப் பார்த்துத்தான் நான் செய்த காரியம் எனக்கே விளங்கியது.

புதன்கிழமை காலை எட்டரை மணி. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் சங்கம். சரக்கு அறையைத் திறந்தேன். அரிசி மூட்டையின் மேல் நாலு கரப்பான்கள் மாலை நடை போவதுபோலக் காலையிலேயே போய்க்கொண்டிருந்தன. என்னைக் கண்டு ஓடக்கூட இல்லை. அவை நேற்றே செத்திருக்க வேண்டியவை. அதற்காகத்தான் திங்கட்கிழமை சாயங்காலம் அரைக்கிலோ சர்க்கரைக் கவர் ஒன்றைப் பிரித்து, பாதியைக் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் போரிக் பவுடரை நிரப்பிக் குலுக்கினேன். எறும்பு ஏறக்கூடாதே என்று வாயை மடித்து ஸ்டேப்ளர் பின்னும் அடித்தேன். அடித்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, மூலைகளில் தூவுமுன் ஒரு டீ குடித்து வரலாம் என்று போனவன், அதை அப்படியே மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதே மேஜையில்தான் பாகாலாவுக்குப் போகவேண்டிய இருபத்து நாலு பைகளை, என்னோடு வேலை பார்க்கிற காஞ்சனா கட்டிக்கொண்டிருந்தாள். அரிசி, பருப்பு, எண்ணெய், டீத்தூள், சர்க்கரை. மாதம் ஒரு பை, ஒரு ஏழைக் குடும்பத்துக்கு இலவசமாக.

இப்போது மேஜை காலியாக இருந்தது. மேஜைக்கு அடியில் தேடினேன். அலமாரிக்குப் பின்னால் தேடினேன். குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். அப்போது காஞ்சனா வந்தாள்.

"இன்னா தேடிக்கினு கீற?"

"ஒரு சர்க்கரைக் கவர். இந்த ஓரத்துல வெச்சிருந்தேன்."

"அதுவா? ஒரு பையில சர்க்கரை கொறஞ்சிச்சு, எடுத்துப் போட்டுட்டேன். மூணு வருசத்துல மொத தடவையா நீ ஒரு கவருக்கு நேராப் பின் அடிச்சிருக்கேன்னு மேடம்கிட்டகூட சொன்னேன்."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். கரப்பான்கள் நகர்ந்து இடம் கொடுத்தன.

செவ்வாய்க்கிழமை அந்த இருபத்து நாலு பைகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், பாகாலா ஸ்டேஷன் ரோட்டில் என் கையாலேயே கொடுத்திருந்தேன். ஒவ்வொருவரோடும் போட்டோ எடுத்தேன். எல்லாப் போட்டோவிலும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

எங்கள் சங்கத்தை நடத்துகிற வசந்தா மேடத்திடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எத்தினி கவருக்குப் பின் அடிச்சது, எத்தினி மெஷின்ல ஒட்டினது?"

ஒட்டுகிற மெஷின் பதினெட்டாவது கவரோடு படுத்துவிட்டதாகக் காஞ்சனா சொன்னாள். மீதி ஆறும் பின் அடித்தவை. ஆறு வீடுகள். அதில் ஒன்றில் என் சர்க்கரை.

"போன் போடு. ஒடச்சி சொல்லு. சர்க்கரையத் தொடாதீங்கன்னு சொல்லு."

முதலில் வெங்கடம்மாவுக்குப் போட்டேன். பாகாலாவில் பூ விற்பவர்.  'உங்கள் பையில் விஷம் போட்டுவிட்டேன்' என்று ஒருவரிடம் எப்படித் தொடங்குவது?

"வெங்கடம்மா, சாப்ட்டீங்களா?"

"ஆச்சு நைனா. நீ துன்னியா?"

"துன்னேன். வீட்ல எல்லாரும் சௌக்கியமா? வாந்தி கீந்தி ஒண்ணும் இல்லியே?"

"இன்னா நைனா, காலைல கேக்குற கேள்வியா இது?"

மேடம் போனைப் பிடுங்கினார். தெலுங்கில் நாலே வாக்கியம். விஷயம் முடிந்தது. வெங்கடம்மா கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சுத்தமான சர்க்கரைதான், கல்கல்லாக இருக்கிறது என்றார். என்னுடையது மாவு கலந்ததுபோல் வெளிறிக் கிடக்கும். மேடமே அடுத்தடுத்துப் பேசினார். ஒன்பதரைக்குள் ஐந்து வீடுகள் தேறிவிட்டன.

ஆறாவது சுந்தரி. போன் ஸ்விட்ச் ஆஃப்.

சுந்தரிக்கு நகரி பக்கம். கல்யாணமாகிப் பாகாலா வந்தவர். புருஷன் தீனா பெயிண்ட் வேலைக்கு ஸ்ரீசிட்டிப் பக்கம் போனவன், போனவன்தான். சுந்தரி தினம் ரயிலேறித் திருப்பதிக்கு வந்து ஒரு லாட்ஜில் அறை கூட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண் குழந்தை, கீர்த்தி. எட்டு வயது. நேற்றைய போட்டோவில் அந்தக் குழந்தைதான் பையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஸ்கூட்டர எடு," என்றார் மேடம். "நான் பாகாலால யாரயாச்சும் புடிக்கப் பாக்கறேன். போற வழியில நிக்காத."

நின்றேன். சந்து முனையிலேயே ஹரிபாபுவின் மருந்துக்கடை.

"ஹரிபாபு, போரிக் பவுடர் துன்னா இன்னா ஆவும்?"

"யாரு துன்னாங்க?"

"சும்மா கேக்குறேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பெரியவங்கன்னா வாந்தி, வயித்துவலி. சின்னப் பில்லலு அயித்தே..." என்று இழுத்தவன், பக்கத்தில் நின்றவருக்கு மாத்திரை எண்ணப் போய்விட்டான்.

"அயித்தே ஏமி? புள்ளைங்களுக்கு இன்னா ஆவும்?"

"எவ்ளோ துன்னாங்கன்னு தெரியணும் கதா."

"ஒரு டம்ளர் பாயசம்னு வெச்சிக்கோ."

"உசுரு சமாசாரத்துல நான் எப்பிடிச் சொல்றது? டாக்டரக் கேளு."

சந்திரகிரி தாண்டும்வரை அவன் முடிக்காத வாக்கியத்தை நானே நூறு விதமாக முடித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நல்லதாக வரவில்லை. எனக்கு முன்னால் ஒரு லாரி. அதன் பின்பக்கம் ஒரு குழந்தை சிரிக்கிற படம். அதை முந்திப் போனேன். போனால் அடுத்த லாரியிலும் ஏதோ சாமியார் கையைத் தூக்கிக்கொண்டு இருந்தார், நில் என்பதுபோல.

பாதி வழியில் போன் அடித்தது. ஓரம் கட்டினேன். மேடம்.

"ரங்கையா டீக்கடைக்குப் பேசினேன்டா. சுந்தரி வீட்டுத் தெரு முனைல கீறாரு. அவர் கடைல வேற ஆள் யாரும் இல்ல, எழுந்து போவ முடியாதுன்றாரு. நீயே கேளு, நம்பர் அனுப்புறேன்."

ரங்கையாவுக்குப் போட்டேன்.

"சுந்தரியா? பாத்தேனே. நேத்தா, முந்தாநாளா..."

"இன்னிக்குக் காலைல பாத்தீங்களா?"

"பாத்திருப்பேன்."

"பால் வாங்குனாங்களா?"

"வாங்கியிருப்பாங்க. புள்ள கீது கதா வீட்ல."

"வாங்குனாங்களா, இல்லியா?"

"ஏன் சாரு, பால்ல ஏதாச்சும் கலப்படமா? நம்ம பாலு சுத்தமான பாலு."

வைத்துவிட்டேன். பால், சர்க்கரை, தசரா விடுமுறையில் வீட்டிலிருக்கும் குழந்தை. கணக்கில் நான் எப்போதும் பூஜ்யம்தான். ஆனால் இந்த மூன்றையும் கூட்டத் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் 'சாப்ட்டீங்களா' என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. ஆச்சு. காய்ச்சலில் கிடந்தாலும் ஆச்சு, கடன்காரனுக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்தாலும் ஆச்சு. மாதாமாதம் நான் நிரப்புகிற படிவத்திலும் அந்தக் கேள்வி இருக்கிறது: ஒரு நாளைக்கு எத்தனை வேளை உணவு? எல்லோரும் மூன்று என்பார்கள். நானும் மூன்று என்று எழுதுவேன். அதைக் கூட்டி, பசி குறைந்துவிட்டதென்று ஆண்டறிக்கையில் போடுவோம். படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவேன். அன்றைக்கு அந்த 'ஆச்சு'வை நினைத்துக்கொண்டே ஸ்கூட்டரை முடுக்கினேன்.

பதினொன்றரைக்குப் பாகாலா. ரயில் பாதையை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட நாலு அறைகள் வரிசையாக. மூன்றாவது சுந்தரியுடையது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தமே இல்லை. எட்டு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில், லீவு நாளில், பட்டப்பகலில் சத்தமே இல்லை.

தட்டினேன். மறுபடி தட்டினேன். உள்ளே எதுவோ தரையில் இழுபடும் ஒலி. கதவு ஒரு சாண் திறந்தது. சுந்தரி. தலைமுடி கலைந்திருந்தது. வலது காலில் துணிக்கட்டு.

"சாரா? இன்னா சார், இந்நேரத்துல?"

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். அக்கா, உங்க சர்க்கரையில விஷம், தொடாதீங்க. ஐந்தே சொல். வாயைத் திறந்தேன்.

"சாப்ட்டீங்களாக்கா?"

என்மேல் நானே ஸ்கூட்டரை ஏற்றிக்கொண்டிருக்கலாம்.

"ஆச்சு சார். நல்லா துன்னாச்சு. நீங்க?"

"இன்னா சாப்ட்டீங்க?"

"சோறு, பருப்பு. நம்ம சங்கத்து அரிசிதான். நல்லா கீது சார் இந்த வாட்டி. பூவாட்டம் வேவுது."

"சக்கரை?"

"அதுவும் நல்லா கீது சார். பாப்பா பாயசம் வேணும்னு ஒரே அழுவை. போட்டுக் குடுத்தேன்."

ரயில் ஒன்று போனது. அது போய் முடிந்ததும் கேட்டேன். 

"எந்தச் சக்கரைக்கா? நேத்து நான் குடுத்ததா?"

"ஆமா சார். வேற ஏது எங்களுக்கு?" சிரித்தார். போட்டோவுக்குச் சிரிக்கிற சிரிப்பு. "இனிப்பு நல்லா தூக்கலா கீது."

"பாப்பா எங்க?"

"தூங்குது."

"இந்நேரத்துலயா?"

"வயிறு ரொம்புச்சு இல்ல, அதான்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஜன்னல் இல்லாத அறை. கோரைப்பாயில் கீர்த்தி ஒருக்களித்துக் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. "கீர்த்தி" என்றேன். கண் பாதி திறந்து, யாரையும் பார்க்காமல் மூடிக்கொண்டது. கையைத் தூக்கினேன். விட்டதும் பொத்தென்று பாயில் விழுந்தது.

நான் கோமாளி. சங்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். எந்தக் கூட்டத்திலும் ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவேன். அன்று அந்தப் பாயின் பக்கத்தில் மண்டியிட்டு, போனை எடுத்து 108ஐ அழுத்தப் பார்த்தால், ஒன்றுக்குப் பதில் நாலு, எட்டுக்குப் பதில் ஏழு என்று விரல் எங்கெங்கோ போனது.

"இன்னா சார் பண்றீங்க? யாருக்குப் போன் பண்றீங்க?" சுந்தரியின் குரல் மாறியிருந்தது. "எங்க பேர லிஸ்ட்லர்ந்து எடுக்கப் போறீங்களா?"

"அக்கா, கேளுங்க." போனைக் கீழே வைத்தேன். "நேத்து குடுத்த சக்கரையில கரப்பாம்பூச்சி மருந்து கலந்திருக்கு. நான்தான் கலந்தேன். கரப்பானுக்கு வெக்க எடுத்து வெச்சது, என் கவனக்கொறவுல உங்க பைக்கு வந்துடுச்சு. அது விஷம். சின்னப் புள்ளைங்களுக்கு உசுருக்கே ஆபத்து. யார் மேலயும் தப்பில்ல, என் தப்பு. உங்க பேர யாரும் எடுக்க மாட்டாங்க. பாப்பா எத்தினி டம்ளர் குடிச்சிது, எத்தினி மணிக்குக் குடிச்சிது, அது மட்டும் சொல்லுங்க. டாக்டர் கேப்பாரு. சத்தியமா சொல்லுங்கக்கா, பாப்பா துன்னுச்சா இல்லியா?"

அத்தனை நீளமாக, ஒரு கிண்டல்கூட இல்லாமல் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

 சுந்தரியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. குழந்தையைப் பார்த்தார். அப்புறம் சுவரோரம் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், ஒரு ஸ்பூன், பக்கத்தில் என் கவர். பின் ஒரு பக்கம் நெம்பியிருந்தது, ஒரு பக்கம் இன்னும் பிடித்திருந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்தார். கட்டுப்போட்ட கால் நீண்டது. கவரை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். பிறகு, இத்தனை மாதத்தில் முதல் முறையாக, என் கண்ணைப் பார்த்துப் பேசினார்.

"துன்னல சார். பாயசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. புள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் கேஸ் தீந்துச்சு. அன்னிலர்ந்து இந்த வீட்ல அடுப்புப் பத்தல. வெறகு வெச்சா ஓனரு காலி பண்ணுன்றாரு. உங்க அரிசி, பருப்பு, போன மாசத்துது கூட அப்படியேதான் கீது, வேணும்னா அவுத்துப் பாருங்க. லாட்ஜுல மிஞ்சுனத எடுத்துக்கினு வந்துக்கினு இருந்தேன். பாப்பாக்கு இஸ்கோல்ல சோறு. எனக்குக் கால் பெரண்டுச்சு, வேல போச்சு. இஸ்கோலும் லீவு உட்டுட்டாங்க. போன மாச சக்கரையத் தண்ணில கலக்கி, கலக்கி அவளுக்குக் குடுத்துக்கினு இருந்தேன். அது நேத்து ராவுல தீந்துபோச்சு." புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அவ வயிறு ரொம்பித் தூங்கல சார். பசில தூங்குறா. உங்க கவரப் பிரிச்சிக்கினு இருந்தேன். நீங்க கதவத் தட்டுனீங்க."