பச்சைப் பனியன்

“அப்போ இந்தப் பச்சைப் பனியன் இனிமே யாருக்கும் வேணாமாக்கா?”

“வேணாம். சப்ஸ்டிடியூட்டே கெடையாதுன்னு விதிய மாத்திட்டாங்களே. பெஞ்சுல இனிமே அஞ்சு பேரு. அஞ்சு பேரும் எப்ப வேணா உள்ள போலாம், வெளிய வரலாம்.”

கார்குழலி சிரித்தாள். லாஸ்பேட்டை மைதானத்து வேலியோரம் நின்று, துவைத்து மடித்த பனியனை மாலாவிடம் நீட்டினாள். முட்டை வடிவப் பந்தில் ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆடும் புதுச்சேரிப் பெண்கள் அணிக்கு மாலாதான் கோச்.

மூன்று வருடமாக அந்தப் பனியனைப் போட்டவள் கார்குழலி. களத்தில் பதினெட்டு பேர் ஆடுவார்கள். பெஞ்சில் இருக்கும் நால்வர் மாறி மாறி உள்ளே போய் வருவார்கள். பெஞ்சின் ஓரத்தில் சப்ஸ்டிடியூட்டுக்கான பச்சைப் பனியனோடு ஐந்தாவதாக இவள். யாருக்காவது கால் பிசகினால் ஒரே ஒரு முறை உள்ளே போகலாம். யாருக்குப் பிசகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் எல்லா இடத்திலும் ஆடப் பழகி வைத்திருந்தாள். பெரும்பாலும் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. யாருக்கும் அடிபடக் கூடாது என்று வேண்டிக்கொள்வாள். வேண்டிய கையோடு, லேசாக ஒரு சுளுக்கு வந்தால்தான் என்ன என்றும் நினைப்பு ஓடும்.

விதி மாறியது தெரிந்ததும், தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். “முட்டப் பந்துல ப்ரமோஷனா மேடம்?” என்று கூட வேலை பார்க்கும் ராஜாங்கம் கேலி செய்தார். சென்னை ஆட்டத்துக்காகச் சனிக்கிழமை லீவும் சொல்லிவிட்டாள்.

மாலா விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“குழலி, அஞ்சாவது ஆளு கவிநிலா.”

“அவளா? பந்துக்கு ஒசரமா எகிறுவா, அவ்ளோதானேக்கா. வேற எங்க போட்டாலும் முழிப்பா.”

“எகிறத்தான் இப்ப ஆளு வேணும். முன்ன, ஒரே எடத்துல ஆடறவள வெளிய வெச்சிருந்தா வேஸ்டு. எங்க போட்டாலும் ஆடற ஆளுதான் தேவப்பட்டுச்சு. அதான் நீ. இப்ப நடுவுல பந்துக்கு எகிறறவ டயர்டானா இவள அனுப்பி மாத்திக்கலாம்.”

“அப்பயும் இருபத்திமூணு பேரு. இப்பயும் இருபத்திமூணு பேருதானேக்கா?”

“ஆமா.”

தலைக்கு மேல் சிறிய விமானம் ஒன்று தாழப் பறந்து இறங்கியது.

லீவை ரத்து செய்யலாம். அப்படியானால் லட்டுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க அவள் ‘பில்லிங் மேடம்’. வாடகை அறையிலோ கூப்பிடவே ஆளில்லை. குழலி என்று கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் சனிக்கிழமை காலை ஒரே வேனில் ஏறிப் போய்விடுவார்கள்.

மாலா பனியனைப் பையில் திணித்து ஜிப்பை இழுத்தாள்.

“அக்கா, வேன்ல என்னையும் கூட்டினு போறீங்களா? ஆடறதுக்கில்ல. தண்ணி பாட்டில் தூக்கினு வர்றேன்.”