எட்டாம் லயத்து மாதா

ஆனி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை மாலை, மூணுகல் தோட்டத்துக் கோயிலில் மாதா சுரூபத்தின் இடது காலில் மூன்று அட்டைகள் இரத்தம் குடித்து உப்பிக் கிடந்தன. கோயில் கூட்டுகிற செபமாலை அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. பகல் முழுக்க மலையில் கொழுந்து பறித்துவிட்டு, அந்திக்கு விளக்குமாறு எடுக்கிறவள் அவள். மழைக்காலத்தில் கால் என்று ஒன்று இருந்தால் அதில் அட்டையும் இருக்கும். சவர்க்காரத் துண்டை நனைத்துத் தேய்த்ததும் மூன்றும் சுருண்டு விழுந்தன. கடிவாயில் இரத்தம் நிற்காமல் கசிந்தபடியால், எல்லாரும் செய்வதுபோல ஒரு துண்டுக் கடதாசியை ஒட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சுரூபம் வெறும் சாந்தால் ஆனது என்பது லயத்து வரிசைவீட்டுப் படியேறும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த வாரம் மாதாவின் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொழுந்துக் கறை ஏறியிருந்தது. நீல அங்கி கரையிலிருந்து முழங்கால்வரை ஈரம். ஃபாதர் அமலதாஸ் இவற்றையெல்லாம் கவனிக்கவில்லை, அவருக்கு வேலை அதிகம். இந்தப் பங்குக் கோயிலுக்கு வந்த ஆறு வருஷத்தில் அவர் கோயில் முகப்புக்கு ஒரு வளைவும், மேட்டில் ஒரு தியான இல்லமும் கட்டியிருந்தார். பன்னிரண்டு அறை, அறைக்கு அறை சுடுதண்ணீர். கொழும்பில் பேசிப் பேசிக் களைத்தவர்கள் வந்து மௌனமாக இருப்பதற்காகக் கட்டியது. திறந்த வருஷம் நான்கு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் மூன்று நாளும் போனில் பேசிக்கொண்டிருந்தார். பிறகு பூட்டியே கிடந்தது. பொறுமையைப் பற்றி ஃபாதர் முக்கால் மணி நேரம் பிரசங்கம் வைப்பார். கேட்கிறவர்களுக்கு அது பயிற்சியாகவும் அமைந்தது.

சுரூபம் பகலில் இருப்பதில்லை என்பதை ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அவரே கண்டார். மாடம் காலி. களவு என்று பங்குச்சபையைக் கூட்டினார். சபையில் ஐந்து பேர், ஐந்து பேரும் ஆண்கள். பூசைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள், ஆகவே சபையிலாவது ஆண்களுக்கு இடம் இருக்கட்டுமே என்ற இரக்கம்தான். கூட்டம் எப்போதும் கிழமை நாளில் காலை பத்து மணிக்கு நடக்கும், அந்நேரம் பெண்கள் எல்லாரும் மலையில் இருப்பார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே மணி நாலரை ஆனது, மாதா மாடத்தில் நின்றார், தலைத்துணியில் ஒரு தேயிலைப் பூவோடு. மறுநாள் இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டினார்கள். பூட்டு பூட்டினபடியே இருந்தது, மாதா வழக்கம்போலப் போய்வந்தார்.

மலையில் இது வேறு மாதிரித் தெரிந்தது. கங்காணி மாயாண்டி காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு எண்ணும்போது நாற்பத்தொரு பெண்கள் இருப்பார்கள், சாயங்காலம் தராசுக்கு நாற்பத்திரண்டு கூடை வரும். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் துணி, குனிந்த முகம் என்று எல்லாரும் ஒரே மாதிரி நின்றதில், கூடுதலாக வந்தவள் யார் என்று அவனால் கடைசிவரை பிரிக்க முடியவில்லை. கூடை ஒன்று ஆளில்லாமல் இருந்தால் தோட்டத்துத் துரை கேட்பார். ஆபீசில் பெரிய கிளாக்கர் சந்தியாகு, அவர்தான் பங்குச்சபைத் தலைவரும், பேரேட்டில் ‘மரியாயி’ என்று ஒரு பெயர் போட்டார். லயம் எழுதாமல் பெயர் எழுத அவர் கை ஒத்துக்கொள்ளாது. அந்த மலைக்குக் கிட்டே இருப்பது எட்டாம் லயம், அதையும் எழுதி ஒப்பம் வைத்தார்.

ஆடியில் மறைமாவட்ட ஆயர் இல்லத்திலிருந்து மூன்று குருக்கள் விசாரணைக்கு வந்தார்கள். விடியலிலிருந்து மாடத்துக்கு எதிரே கேமராவோடு உட்கார்ந்திருந்தார்கள். பெரட்டுச் சங்கு ஊதியது, மூவரும் ஒரே நேரத்தில் கண் இமைத்தார்கள், மாடம் காலி. மாதா செய்த அற்புதப் புதுமை என்று தீர்ப்பாகியது. மாதாவுக்குக் கண்ணாடிப் பேழையும் தோல் சப்பாத்தும் செய்யவேண்டும், ஆகஸ்ட் பதினைந்து பரலோக மாதா திருநாளில் ஆயர் வந்து யாத்திரைத் தலமாக அறிவிப்பார், தியான இல்லம் யாத்திரிகர்களுக்குத் திறக்கப்படும் என்றெல்லாம் முடிவெடுத்தார்கள். மாதா ஏன் வேலைக்குப் போகிறார் என்று கேட்க அறிக்கையில் இடம் போதவில்லை.

அதே கிழமை எட்டாம் லயத்தின் பின்னால் நிலம் வெடித்தது. கை நுழையும் அளவுக்கு நீளமாக ஒரு வெடிப்பு. மண்சரிவு பார்க்க வந்த அதிகாரிகள் சிவப்புக் கடதாசி ஒட்டி, உடனே வெளியேறச் சொன்னார்கள், எங்கே போவது என்பது கடதாசியில் இல்லை. பதினொரு குடும்பம். செபமாலையின் ஒற்றை அறைக் காம்பராவில் மருமகள் லோஜினி நிறைமாசமாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் பத்து நாள் படுத்தார்கள், பரீட்சை வந்ததும் திரும்ப லயத்துக்கே வந்தார்கள். செபமாலை மேட்டுக்கு ஏறிப்போய்த் தியான இல்லத்தைக் கேட்டாள். அது மௌனத்துக்காக மந்திரித்த இடம் என்றும், குழந்தைகள் சத்தம் போடும் என்றும், பொறுமையாக இருந்தால் கடவுள் வழிகாட்டுவார் என்றும் ஃபாதர் சொன்னார். வெடிப்பில் இப்போது கால் நுழைந்தது.

திருநாளுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிவில் பேழை, சப்பாத்து, ஆயர் வருகை எல்லாவற்றையும் ஃபாதர் வாசித்தார். தரையில் உட்கார்ந்திருந்த பெண்களின் நடுவிலிருந்து செபமாலை எழுந்தாள். அந்தக் கோயிலில் பெண்கள் பாட்டுக்கு மட்டுமே வாய் திறப்பது வழக்கம்.

“ஃபாதர், மாதா எங்க லயத்து ஆளு. பெரிய கிளாக்கர் ஐயா கையாலேயே எழுதியிருக்காங்க. அந்த அம்மாவுக்கு எடம் மாத்திக் குடுக்கிறதா இருந்தா, லயத்தோட சேர்த்து மாத்துங்க.”

“மாதா பரலோகத்துல இருக்காங்க, செபமாலை.”

“பரலோகத்துல அட்டை இருக்குங்களா, ஃபாதர்?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பெரிய கிளாக்கர் தன் சப்பாத்து முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தராசில் கொழுந்து நிறுத்த பிறகு மாதா கோயிலுக்கு வரவில்லை. எட்டாம் லயத்தில், செபமாலையின் காம்பராவில், லோஜினியின் பாய்க்குப் பக்கத்தில் நின்றார். சபையின் ஆண்கள் வந்து தூக்கிப்போனார்கள். சுரூபம் கனக்கவெல்லாம் இல்லை, பஞ்சுபோல வந்தது. மறுநாள் மாலை திரும்பவும் லயத்தில். வேலை முடிந்த பெண் தன் வீட்டுக்குத்தானே போவாள் என்றார்கள் லயத்தார். மறுபடி தூக்கினார்கள், மறுபடி வந்தார். திருநாளுக்கு முந்தின நாள் மதியம் வெடிப்பு வாய் பிளந்து, ஒரு கோழியை விழுங்கியது. நாலரை மணிக்குத் தராசடியிலேயே பெண்கள் முடிவெடுத்தார்கள். பாயும் சட்டிபானையும் தலையில் ஏறின. மாதாவைக் கூடையில் வைத்து, கயிற்றை நெற்றியில் மாட்டி, செபமாலை முன்னால் நடந்தாள். மழை கொட்டியது.

தியான இல்லத்து வாசலில் ஃபாதர் சாவியோடு நின்றார். ஆயர் வருகிற நேரம், ஒரு நாள் மட்டும் பொறுக்கச் சொன்னார்.

செபமாலை கூடையை இறக்கவில்லை. “எங்க பாட்டன் காலத்துலருந்து பொறுத்தாச்சுங்க, ஃபாதர். இனிப் பொறுக்கிறது உங்க முறை.”

அந்தக் கட்டடத்துக்குக் கதவு மாட்டினது எட்டாம் லயத்துச் சின்னராசாதான். மாட்டினவனுக்குக் கழற்றத் தெரியும். மண்வெட்டிப் பிடியை அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினான், கதவு முழுசாக வந்து சுவரில் சாய்ந்தது. பதினொரு குடும்பமும் உள்ளே போனது. ஆறு மணிக்கு எட்டாம் லயம் கூரைத் தகரத்தோடு சேர்ந்து ஓடைக்குள் இறங்கியது. உள்ளே யாரும் இல்லை. அந்தச் சத்தம் கேட்டபோதும் ஃபாதர் சாவியைப் பிடித்தபடியே நின்றார், பூட்டத்தான் கதவு இல்லை.

மறுநாள் ஆயர் வந்தபோது ‘ஆயர் அவர்கள்’ என்று பலகை மாட்டிய அறையில் லோஜினி பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தாள். ஆயர் சமையலறைப் பலகையில் உட்கார்ந்து, செபமாலை கொடுத்த வெறுந்தேத்தண்ணியைக் குடித்தார், பெண் குழந்தை அழுத சத்தத்தையும் கேட்டார். மௌனத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. பங்குச்சபைக் கூட்டத்தை மாலை ஐந்தரைக்கு மாற்றும்வரை பெண்கள் யாரும் கோயில் கூட்டமாட்டோம், பாடமாட்டோம் என்றார்கள். ஒன்பது கிழமை தூசியிலும் தாளம் தப்பிய ஆண் குரல்களிலும் பூசை நடந்தது, பத்தாவது கிழமை நேரம் மாறியது. இப்போது சபையில் ஏழு பெண்கள். தியான இல்லத்தை ஆபீசிலும் ஒன்பதாம் லயம் என்றே எழுதுகிறார்கள். கண்ணாடிப் பேழையில் மாயாண்டி மீன் வளர்க்கிறான்.

யாத்திரிகர்கள் வரத்தான் செய்கிறார்கள். போன மாதம்கூட நுவரெலியாவிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்து, காலி மாடத்தின் முன்னால் மெழுகுவர்த்தியோடு திகைத்து நின்றார்கள். முழங்காலுக்கு மேலே அங்கியைச் செருகிக்கொண்டு வாசல் கழுவிக்கொண்டிருந்த ஃபாதர் அமலதாஸ் நிமிர்ந்து பார்த்தார்.

“அவங்க வேலைக்குப் போயிருக்காங்க. நாலரைக்கு மேல வாங்க” என்றார். “மெழுகுதிரி வேணாம். அட்டைக்குச் சவர்க்காரம் இருந்தா வச்சிட்டுப் போங்க.”