உள்ளே இருக்கார்

"உள்ளே இருக்கார், அப்புறம் கூப்பிடுங்க" என்று மில் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தபோதுதான் மகள் அப்பாவின் காபியைக் கவனித்தாள். அதன் மேல் ஆடை படிந்திருந்தது.

அப்பா எதிரே நாற்காலியில்தான் இருந்தார். கண்கள் மூடியிருந்தன. கோப்பை மடியில், இரண்டு கைகளுக்கும் நடுவில். அந்த வீட்டில் இதற்குப் பெயர்தான் 'உள்ளே இருப்பது'. அவர் துணி மில்லுக்கு டிசைன் வரைகிறவர். காலைக் காபியில் முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினால், கோப்பை காலியாகும்வரை யாரும் கூப்பிடக் கூடாது. வீடு தீப்பிடித்தாலும் கூடாது என்று அம்மா கிண்டல் செய்வாள். நாக்கு நுனியில் ஒரு கசப்பு, தொண்டையில் இறங்கும்போது வேறொரு கசப்பு, அதற்கப்புறம் மூக்கில் நிற்கிற மணம். அந்த மணத்தில்தான் கோடுகள் வரும் என்பார் அப்பா. வந்ததும் எழுந்துபோய் வரைவார். ஊரில் பாதி ஜன்னல்களில் திரையாகத் தொங்குவது அவர் குடித்த காபிதான்.

ஆனால் அவர் காபியை ஆறவிடுகிற ஆளில்லை.

"அப்பா" என்றாள். விதியை மீறுகிற பயத்தில் குரல் மெதுவாகத்தான் வந்தது. அடுத்த முறை கத்தினாள். தோளைத் தொட்டதும் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

குளிக்கப் போகும்போதே அவரைப் பார்த்திருந்தாள். தலை துவட்டிக்கொண்டு வரும்போதும் பார்த்தாள். சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நடந்தது வேறு. அப்போது உயிர் இருந்ததா? அடுத்த தெருவிலேயே டாக்டர் இருக்கிறார். ஒரு குரல் கொடுத்திருந்தால்?

அம்மா பஸ் கண்டக்டர். போனில் அவளிடம், "உள்ளே இருக்கார்னு நினைச்சுட்டேன்மா" என்று மட்டும்தான் மகளால் சொல்ல முடிந்தது. அந்தப் பக்கம் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. பிறகு, "டாக்டரைக் கூப்பிடு. வந்துட்டே இருக்கேன்" என்றாள் அம்மா.

டாக்டர் வந்தார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கார்?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். தெரியாது என்று சொல்லலாம். கண்ணெதிரே வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்றும் சொல்லலாம். மகள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் வேலைக்குக் கிளம்பும்போதே இப்படித்தான் உட்கார்ந்திருந்தார், டாக்டர்."

வாசலில் நின்றபடி சொன்னது அம்மா. காக்கிச் சட்டை, தோளில் டிக்கெட் பை.

"கண்ணை மூடியிருந்தார். நான்தான் கூப்பிடாம போயிட்டேன்."

அத்தனையும் பொய். அம்மா கிளம்பும்போது அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரை எழுப்பிக் காபி போட்டுக் கொடுத்ததே மகள்தான். டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியை மூடினார்.

அவர் போனதும், "ஏம்மா அப்படிச் சொன்னே?" என்றாள் மகள்.

அம்மா அப்பாவின் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். வெகுநேரம் அழுதாள்.

எதிர்வீட்டு அக்கா காபி போட்டுக் கொண்டுவந்தாள். "ஒரு வாய் குடிங்க. சொந்தக்காரங்க வர ஆரம்பிச்சா அப்புறம் உட்காரக்கூட நேரம் இருக்காது."

அம்மா சுவரோரம் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். தலையைச் சுவரில் சாய்த்தாள். கண்களை மூடினாள்.

"அம்மா!"

மகள் கத்திய கத்தலில் எதிர்வீட்டு அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னடி?" என்றாள் அம்மா, கண்ணைத் திறந்து.

"ஒண்ணுமில்ல."

அம்மா இன்னொரு வாய் குடித்தாள். இமைகள் மறுபடி தாழ்ந்தன.

"அம்மா."

"இருக்கேன்டி."

மீதிக் காபியை அம்மா மகளைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.