மூன்று விரல்கடை நிழல்

நஜியா டீச்சர் காலையிலிருந்தே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கும் ஆகஸ்டு மேகம். பதினொன்றாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியடு அவர் நடத்திவரும் அறிவியல் வரலாறு பிழைக்குமா பிழைக்காதா என்பது இன்று மதியம் தெரிந்துவிடும்.

"கூகுள்ல தட்டுனா பூமி சுத்தளவு வந்து நிக்குது. பழைய ஆளுங்க எப்டிக் கண்டுபுடிச்சாங்கன்னு நீட்டுல கேக்கறானாம்மா? அந்தப் பீரியட கோச்சிங்குக்கு உடுங்க" என்றிருந்தார் ஹெச்.எம். பொன்னுரங்கம்.

"கூகுள் இல்லாம நம்ம புள்ளைங்களே அளந்து காட்டுனா?" என்று கேட்டுவிட்டார் நஜியா. வாய் சும்மா இருந்தால்தானே!

"காட்டுங்க. அப்புறம் நான் வாயே தொறக்கல."

இன்று உச்சிவேளையில் சூரியன் சிதம்பரத்துக்கு நேர் மேலே வரும். அங்கே செல்போன் கடை வைத்திருக்கும் கணவர் சுஹைப், மொட்டைமாடியில் ஓர் இரும்புக் குழாயை நிமிர்த்தி வைத்துக் காத்திருந்தார். இங்கே கடலூரில், பள்ளியின் மூன்றாவது மாடியிலிருந்து நீட்டிய மூங்கிலில் எவர்சில்வர் தட்டு ஒன்று தொங்கியது. தட்டின் நடுவிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு தரைவரை இறங்கியிருந்தது. நல்லவேளை, மேகம் விலகியது.

"நஜியா! குழா நிழலக் காணோம்! சுப்ஹானல்லாஹ், மொத்தமா முழுங்கிடுச்சி!" ஸ்பீக்கரில் சுஹைப் கத்தினார்.

அதே நிமிஷம் கடலூரில் தட்டின் நிழல் குண்டுக்கு நேராக விழாமல், வடக்கே மூன்று விரல்கடை தள்ளி விழுந்தது. அடேயப்பா, இந்தத் தம்மாத்துண்டு இடைவெளிக்குள் பூமி வளைந்து கிடக்கிறதே என்று நஜியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. தட்டின் உயரத்தையும் இந்த மூன்று விரல்கடையையும் வைத்தால் வெயிலின் சாய்வு கிடைத்துவிடும். அந்தச் சாய்வு முழு வட்டத்தில் எத்தனையில் ஒரு பங்கோ, இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை அத்தனையால் பெருக்கினால் போதும்.

மாணவி சிந்துஜா பெருக்கினாள். "நாப்பத்தேழாயிரம் கிலோமீட்டர், மிஸ்."

உண்மையில் நாற்பதாயிரம். போச்சு. நஜியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த பொன்னுரங்கம் தாளைப் பிடுங்கிப் பார்த்தார்.

"தூரம் எவ்ளோ போட்ட?"

"நாப்பத்தஞ்சு சார். பஸ்ல அவ்ளோதான்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! இருவது வருஷமா செதம்பரத்துலேர்ந்து அந்தப் பஸ்லதான் வர்றேன். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம்னு வளைஞ்சி வளைஞ்சில்ல வருது! சூரியன் என்ன பஸ்லயா வருது? மேப்ப எடு, ஸ்கேல எடு!"

தெற்கு வடக்காக நேர்கோட்டில் முப்பத்தொன்பது. மறுபடி பெருக்கினார்கள். நாற்பதாயிரத்து எண்ணூறு.

பொன்னுரங்கம் நெற்றியில் கைவைத்து மேலே பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"சோத்துத் தட்ட வெச்சா?" குரலே மாறியிருந்தது.

"ரெண்டாயிரத்து எரநூறு வருஷத்துக்கு முன்னாடி எகிப்துல ஒருத்தர் நிழல வெச்சேதான் சார் அளந்தாரு."

"மேப்பு ஏதும்மா அப்ப? அந்த மனுஷன் தூரத்த எப்டி அளந்தாரு?"

நஜியாவுக்குக் கண் நிறைந்தது. "அது அடுத்த வாரப் பீரியடு சார்."

"எத்தினி மணிக்கு?" என்றார் பொன்னுரங்கம்.