பொட்டு வைத்த பிளாப்பி

தீர்த்தகிரி சார் எதிலும் குறை வைக்காத மனிதர். நேற்று ஆயுத பூஜைக்குத் தன் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டின் எட்டு டைப்ரைட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டரையும் விடவில்லை. அத்தோடு நின்றாரா? அதோடு வந்த டாஸ் பிளாப்பியைக் காகித உறையிலிருந்து எடுத்து, பழுப்புத் தகடு எட்டிப்பார்க்கும் அந்த நீளத் துளையில் பார்த்துப் பார்த்துப் பெரிய பொட்டாக வைத்துவிட்டார்.

விஜயதசமி காலையில் அரூர் இன்ஸ்டிடியூட்டைத் திறந்த வஹிதா பிளாப்பியைக் கையில் எடுத்துப் பொட்டைப் பார்த்தாள். அந்த மெஷினுக்குள் எதுவும் கிடையாது; இந்தப் பிளாப்பியைப் போட்டால்தான் அது கண் விழிக்கும். வேறு பிரதியும் இல்லை. மெஷினைக் கொடுத்த சேலம் கம்பெனிக்கு இன்று விடுமுறை. பத்து மணிக்குப் புதிதாகச் சேர ஆட்கள் வருவார்கள். பத்துப் பேராவது சேராவிட்டால் நாளை மெஷினைத் திரும்ப எடுத்துப்போவதாகப் பேச்சு. அதைச் சொல்லிக்கொடுக்க வந்த வஹிதாவின் வேலையும் கூடவே போய்விடும்.

அப்படியே போட்டுப் பார்க்கலாமே என்றார் சார். போட்டால் பிளாப்பியைப் படிக்கும் டிரைவும் சேர்ந்து கெடும் என்றாள் வஹிதா.

"பொட்டுதானம்மா வெச்சேன்."

"தெரியுங்க சார். இத அறுத்துக் கழுவணும்ங்க."

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சேலத்தில் பயிற்சியின்போது, டீ கொட்டிய பிளாப்பியை ஒருவர் கழுவிப் பிழைக்க வைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்ததுதான், செய்ததில்லை. பிளேடால் பிளாப்பியின் ஓரத்தைக் கீறினாள். மெல்லிய தகட்டை விளிம்பில் பிடித்து எடுத்துச் சோப்புத் தண்ணீரில் அலசினாள். குங்குமம் சிவப்பாக ஓடியது. கைக்குட்டையால் ஒற்றி, ஃபேனுக்குக் கீழே காயவைத்தாள். எதுவும் பதியாத புதுப் பிளாப்பிகள் இரண்டு இருந்தன. ஒன்றின் வயிற்றைக் கிழித்து, அதன் தகட்டை உருவிவிட்டு இதை நுழைத்தாள். அதை முதல் டிரைவிலும் இன்னொன்றை இரண்டாவது டிரைவிலும் போட்டு ஸ்விட்சைத் தட்டினாள்.

டிரைவ் கரகரவென்று இரைந்தது. நின்றது. மறுபடி இரைந்தது. திரை தேதி கேட்டது; மெஷின் விழித்துவிட்டது.

கழுவியது எத்தனை நேரம் தாங்குமோ; அதற்குள் புதுசில் ஒரு பிரதி எடுத்தாக வேண்டும். 'ஃபார்மட் பி ஸ்லாஷ் எஸ்' என்று அடித்தாள். அந்த எஸ்ஸை விட்டால் வெறும் பிளாப்பிதான் மிஞ்சும், மெஷினை எழுப்பாது. எண்கள் முப்பத்தொன்பது வரை ஏறின. சிஸ்டம் போய்ச் சேர்ந்ததாகத் திரை சொன்னது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வாசலில் சேர வந்தவர்களின் செருப்புச் சத்தம் கேட்டது. மெஷினை அணைத்து, புதிய பிளாப்பியை முதல் டிரைவுக்கு மாற்றியபோது, சார் சந்தனக் கிண்ணத்தோடு தயங்கி நின்றிருந்தார். வஹிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு காலி காகித உறையை நீட்டினாள்.

"இதுல வைங்க சார்."

அவர் அதன் மூலையில் கடுகளவு பொட்டு வைத்தார். அவள் ஸ்விட்சைப் போட்டாள். டிரைவில் குட்டிச் சிவப்பு விளக்கு எரிந்தது.