விளக்கை வைத்துவிட்டுப் போனார்

நிருஜாவுக்கு அன்று ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நாலு மணிக்குள் கடைசி அத்தியாயத்தை அனுப்ப வேண்டும்; பிறகு போட்டி மூடிவிடும். துறைமுகத்துக்கு எதிரே, கப்பலில் வரும் சாமான்களை விடுவித்துக் கொடுக்கும் கந்தோரில் அவள் எழுத்தர். பெயருக்குத்தான் அது. கோப்புக்குப் பின்னால் கைபேசியை ஒளித்துவைத்து, பழைய நாவல்களின் ஓரத்தில் நிற்பவர்களுக்கு இணையத்தில் புதுக்கதை எழுதுவதே அவளுடைய உண்மையான உத்தியோகம்.

இந்த முறை பிடித்தது எழுபது வருடம் பழைய நாவல் ஒன்றை. அதில் ஒருத்தி ஒரேயொரு வரியில் வருகிறாள்: ‘வேலைக்காரி விளக்கை வைத்துவிட்டுப் போனாள்.’ பெயர்கூட இல்லை. நிருஜா அந்த வரியை இருபத்திரண்டு அத்தியாயமாக்கினாள். பெயர் வைத்தாள், ஊர் கொடுத்தாள், வாயும் கொடுத்தாள். எல்லாவற்றுக்கும் மேலாகப் ‘போனாள்’ என்பதைப் ‘போனார்’ ஆக்கினாள். அந்தப் பெருமையில் அவளுக்குத் தலைகால் தெரியவில்லை.

அதில் மண்ணைப் போட்டது ஒரு வாசகர் கருத்து. ‘வேலைக்காரியை ஒருவரும் அவர் என்று சொல்வதில்லை. பொய் எழுதாதீர்கள்.’ எழுதியவர் பெயர் இல்லை. யாரோ திமிர் பிடித்த ஆள் என்று நிருஜா ஒரு கிழமையாகப் பொருமினாள். ஆனாலும் உள்ளே அரித்தது. நடுவர்களும் அப்படியே நினைத்துவிட்டால்? ‘ர்’ஐ அழித்து ‘ள்’ போட்டாள். ‘ள்’ஐ அழித்து ‘ர்’ போட்டாள்.

மூன்றரைக்குச் சீதேவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். கப்பல்துறை என்ற கிராமத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருபவள், ஐம்பதைத் தாண்டியவள்.

“அதில வைச்சிட்டுப் போ, சீதேவி.”

வைத்தாள். போகவில்லை.

“மிஸ், அந்தக் கருத்து நான்தான் போட்டனான். நீங்கள் கதையின்ர லிங்கைக் கந்தோர் குறூப்பில போட்டனீங்கள்தானே.”

யாருக்குத் தேத்தண்ணி வேண்டுமென்று சொல்வதற்காகச் சீதேவியையும் அந்தக் குழுவில் சேர்த்தது நிருஜாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வெட்கத்தில் முகம் சுட்டது.

“அப்ப, அவர் எண்டதை மாத்தவோ?”

“அது உங்கட விருப்பம். நல்லா எழுதியிருக்கிறியள், வாசிச்சு அழுதனான். ஆனா இஞ்ச வந்து பதினொரு வருசம், மிஸ். என்னை ஒருத்தரும் அப்பிடிச் சொல்லி நான் கேக்கேல்லை.”

நிருஜா ஓர் எழுத்தையும் மாற்றாமல் அத்தியாயத்தை அனுப்பினாள். பிறகு எழுந்து, தன் கதிரையை முன்னால் இழுத்து விட்டாள்.

“இருங்கோ.”

பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று சீதேவி வாசலைத் திரும்பிப் பார்த்தார்.