அம்மாவின் நெற்றியில் ஊற்றிய தண்ணீர்

தண்ணீர் அம்மாவின் நெற்றியிலிருந்து காதுப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. துப்பட்டாவால் துடைத்தேன். துடைக்கலாமா என்றுகூடத் தெரியவில்லை. துடைத்தால் ஞானஸ்நானம் செல்லாமல் போய்விடுமோ? பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. மூன்றையும் சொல்லிவிட்டேன். வரிசையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். பல் தந்தியடித்ததில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போது அப்பா மருந்துக் கவரோடு ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து நின்றார். என் கையில் பாதி காலியான பாட்டில்.

தொலைந்தேன் என்று நினைத்தேன். அப்பாவுக்குக் கோபுரத்தெருவில் தேங்காய், கற்பூரக் கடை. அம்மா யாரிடம் ஜெபிக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. பாட்டிலைப் பார்த்தார். அம்மாவின் ஈர நெற்றியைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"தீர்த்தம் தெளிச்சியா மதி? நானே வந்து தெளிக்கணும்னு இருந்தேன். நல்லது பண்ண."

 பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனேன். பச்சைக் கற்பூர வாசனை. மத்தியானம் அப்பா கோயிலுக்கு ஓடி, தெரிந்த குருக்களிடம் அபிஷேகத் தீர்த்தம் கேட்டு வாங்கி வந்திருந்தார். பௌர்ணமிக் கூட்டத்துக்கு விற்க வைத்திருக்கும் பாட்டில் ஒன்றில்தான் பிடித்திருந்தார். நாங்கள் குடிக்கக் கொண்டுவந்ததும் அதே மாதிரி பாட்டில். கட்டிலுக்கடியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. குனிந்து கைக்கு வந்ததை எடுத்தேன்.

அப்பா மிச்சத்தை உள்ளங்கையில் ஊற்றி அதே நெற்றியில் தெளித்தார். "அண்ணாமலையாரே, என் சரசுவ எனக்குக் குடுத்துடு" என்றார். அவர் அழுவதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

காலையில் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். ஆட்டோவில் அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் அம்மாவின் தலை என் மடியில். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பாஸ்டர கூப்பிடு. கல்யாணம் முடியட்டும்னு இருந்தேனே மதி… இப்பவே எடுத்துடணும். முழுக்கு எடுக்காம போயிடக் கூடாது."

ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் நினைவு போய்விட்டது. மூளையில் ரத்தக் கசிவு, விடியும்வரை எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

எனக்கு டெங்கு வந்து பிழைத்த வருஷத்திலிருந்து அம்மா வேங்கிக்காலில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் ஜெபத்துக்குப் போகிறாள். டெய்லரிடம் போவதாகச் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். கலெக்டர் ஆபீஸ் தாண்டியதும் நெற்றியிலிருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து போனின் முதுகில் ஒட்டிக்கொள்வாள். திரும்பும்போது அதே இடத்தில் மறுபடி நெற்றிக்கு வரும். அங்கே பாஸ்டரின் பெயர் திருமலை. ஏன் பெயரை மாற்றவில்லை என்று யாராவது கேட்டால், "பேர மாத்துனாத்தான் மேல கேட்டத் தொறப்பாங்களா?" என்று சிரிப்பார். ஆனால் முழுக்கு, அதாவது தண்ணீரில் முழுகி எடுக்கும் ஞானஸ்நானம், என்று வந்தால் சிரிக்க மாட்டார். ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவிடம் எப்போது என்று கேட்பார். அக்காவுக்குக் கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. பெண்ணின் அம்மா தண்ணீரில் முழுகினாள் என்று தெரிந்தால் அந்தச் சம்பந்தம் முறிந்துவிடும். தைக்கு அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

மத்தியானம் முழுக்க பாஸ்டருக்கு போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். விழுப்புரத்தில் ஏதோ கூட்டம். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்த நர்ஸ் சிஸ்டரிடம் வேறு வழியில்லாமல் சொன்னேன். அவர் டிரிப்ஸைச் சரிசெய்துகொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினார். தங்கள் சபையில் உயிர் ஊசலாடும் நேரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், தண்ணீரை ஊற்றி அந்த மூன்று பெயரைச் சொன்னால் போதும், கொடுப்பவர் கிறிஸ்தவராகக்கூட இருக்க வேண்டியதில்லை என்றார். இங்கே வேலையில் இருப்பதால் தான் கொடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அப்பா மருந்து வாங்கப் போன நேரத்தில் நான் குனிந்து பாட்டிலை எடுத்தேன்.

சாயங்காலம் பாஸ்டரே கூப்பிட்டார். மாடிப்படிக்கு ஓடினேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோயில் தீர்த்தம் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

"ஊத்துறது ஞானஸ்நானம் ஆவாதும்மா" என்றார். "அவங்களே வாயால அறிக்கை பண்ணி, தண்ணியில முழுசா அடங்கி எழுந்திரிக்கணும்."

"அப்ப அம்மா இப்படியே போயிட்டா?"

"விசுவாசிச்சாங்க இல்ல? கர்த்தர் கைவிட மாட்டாரு. சிலுவையில பக்கத்துல தொங்குன கள்ளனுக்கு யாரு முழுக்கு குடுத்தா? அவன் நேரா பரதீசுக்குப் போவலையா?"

அவ்வளவு நேரம் அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. வந்தவுடனே கோபமும் வந்தது.

"விசுவாசமே போதும்னா, வாராவாரம் எப்போ எப்போன்னு எங்கம்மாவ ஏன் கேட்டீங்க பாஸ்டர்? வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுவாங்க, தெரியுமா உங்களுக்கு?"

 அவருக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்.

"கள்ளனுக்கு நேரம் இல்லம்மா" என்றார் மெல்ல. "உங்கம்மாவுக்கு இருந்துச்சு."

 அவரே பதறிப்போய், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கோ, கூட்டம் முடிய ராத்திரியாகிவிடும், காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன், ஜெபம் பண்ணு என்றார். எப்படி ஜெபிப்பது? அம்மாவுக்கு இருந்த நேரத்தையெல்லாம் எங்களுக்குத்தானே கொடுத்தாள். அதுவே அவளுக்கு எதிராகத் திரும்புமா?

பெங்களூரிலிருந்து வரும் அக்காவைக் கூட்டிவர அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தபோது அம்மா கண்ணைத் திறந்தாள். சிஸ்டரைக் கூப்பிட எழுந்த என் கையை அவள் கை பிடித்தது. காலையில் பிடித்த அதே கை, இப்போது துளிகூட பலமில்லை. நாக்கு புரளவில்லை. ஒரே வார்த்தைதான் வந்தது.

"முழுக்கு?"

அவள் கண்ணில் இருந்த பயத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை. ஊசிக்கோ வலிக்கோ அல்ல, வேறெதற்கோ பயந்த கண்.

"ஆச்சும்மா" என்றேன். "பாஸ்டரு வந்து குடுத்துட்டாரு."

நானே ஊற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். அதையாவது உண்மையாகச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இந்தப் பொய்தான். அம்மா என்னையே பார்த்தாள். கோணாத பக்கம் மட்டும் லேசாகச் சிரித்தது. "ஸ்தோத்திரம்" என்று உதடு அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

இப்போது வார்டில் விளக்கைக் குறைத்துவிட்டார்கள். அக்கா தரையில் சுருண்டு படுத்திருக்கிறாள். அப்பா காலி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து தூங்குகிறார். அம்மா தூங்குகிறாளா, மறுபடி நினைவு போய்விட்டதா என்று கேட்டதற்கு சிஸ்டர் போர்வையை இழுத்துவிட்டுப் போனார். உண்மையைச் சொல்லலாம் என்று இரண்டு தடவை அவள் காதருகே குனிந்தேன். அந்தப் பயம் மறுபடி அந்த முகத்துக்கு வந்துவிடுமே என்று நிமிர்ந்துவிட்டேன். இப்போது அந்த முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

முதல் பஸ் வருவதற்குள் அம்மா போய்விட்டால், முழுக்கு ஆகிவிட்டது என்று நம்பிக்கொண்டே போவாள். அந்த நம்பிக்கை மட்டும் அவளுக்குப் போதுமா?